துன்ப நேரத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை: வேலூரில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

வேலூரில் நோயாளிகளையும், அவர்களுக்குத் துணையாக வந்து விடுதி அறைகளில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களையும் சந்திக்கும் ஒரு சிறு குழுவுடன் நான் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நான் ஆயர் அல்லன். இறையியல் கற்றவனும் அல்லன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், சபையில் ஒரு சாதாரண அங்கத்தினன். குடியாத்தத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வருகிறவர்களானாலும், தொலைதூர மாநிலங்களிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் பையும் ஸ்கேன் உறையுமாக இறங்குகிறவர்களானாலும், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. வேலை இழந்தவர்களும் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் கேட்பவற்றையும் இவற்றோடு சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

நம்பிக்கையும் விசுவாசமும் ஒன்றுதானே? "நம்பிக்கையோடு இருங்கள்" என்கிறார்களே, எதை நம்பச் சொல்கிறார்கள்?

நம் அன்றாடத் தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. "அவர் நம்பிக்கையான ஆள்" என்கிறோம். "எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு" என்கிறோம். "பையன் தேறிவிடுவான் என்று நம்பிக்கை இருக்கிறது" என்கிறோம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவற்றைப் பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கிறது. கடவுளைச் சார்ந்து நிற்பதை விசுவாசம் என்கிறது. இன்னும் கண்ணுக்குத் தெரியாததை எதிர்நோக்கிக் காத்திருப்பதை நம்பிக்கை என்கிறது. 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

இது வெறும் இலக்கணப் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "ஆபரேஷன் நன்றாக முடியும் என்று நம்பிக்கை இருக்கிறது" என்று நாம் சொல்வது ஒரு கணிப்பு. பரிசோதனை முடிவு கைக்கு வந்தவுடன் அது ஏறும் அல்லது இறங்கும். "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்று அப்போஸ்தலன் பவுல் ரோமர் 8:24-இல் எழுதுகிறார். கிறிஸ்தவ நம்பிக்கை சார்ந்திருப்பது அறுவை அரங்கின் முடிவை அல்ல. எந்த முடிவு வந்தாலும் அதற்குள் கடவுள் நம்மோடு இருப்பார் என்பதும், கிறிஸ்து உயிர்த்தெழுந்தபடியால் கடைசி வார்த்தை சாவுக்குரியதாக இருக்காது என்பதும் அதன் உள்ளடக்கம். பின்வரும் பதில்கள் பலவற்றில் இந்த வேறுபாட்டுக்கே திரும்பி வருவேன்.

நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. என்ன பாவத்துக்கு எனக்கு இது வந்தது?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட அதிகமாக நான் கேட்டது இதுதான். கேட்பவர்களுள் பாதிப்பேர் தாமாகக் கேட்பதில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்த யாரோ ஓர் உறவினர் அந்த விதையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று அவர் பதில் சொன்னார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதைக் குறிப்பிட்டு, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்ல" என்று தாமே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4, 5).

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்ட அந்த மழைக்காலத்தில், பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அந்த வாரம் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இது எதற்கான தண்டனை என்று விளக்கத் தொடங்கினார். ஒரு மூதாட்டி லூக்கா 13-ஐத் திறந்து வாசிக்கச் சொன்னார். பேச்சு அத்துடன் நின்றது. சுவர் நனைந்தால் இடியும். உயிரணு பிறழ்ந்தால் கட்டி வளரும். நம் செயலுக்கு விளைவு உண்டு என்பது உண்மைதான். புகைத்தவருக்கு நுரையீரல் கெடலாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், சொல்ல வேண்டிய நேரம் வேறு. படுத்திருப்பவரின் கணக்கை எடுத்துக் கூட்டிக் கழிக்க நமக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

அப்படியானால் "ஏன்" என்பதற்கு வேதத்தில் பதிலே கிடையாதா?

முழுமையான பதில் கிடையாது என்றே நான் வாசிக்கிறேன். பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபு, அவர் பெயரிலான புத்தகத்தில் அதிகாரம் அதிகாரமாக ஏன், ஏன் என்று கேட்கிறார். கடைசியில் கடவுள் பேசும்போதும் காரணத்தை விளக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் முடிவில், காரணங்களை அடுக்கிய நண்பர்கள்மீதுதான் கடவுளுக்குக் கோபம் வருகிறது. புலம்பிய யோபுவே நிதானமாய்ப் பேசினான் என்று தீர்ப்பாகிறது (யோபு 42:7). எனக்கு ஆறுதல் தந்த தீர்ப்பு அது.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே வரவில்லை. நான் என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லவே விரும்புகிறேன். இரவு முழுதும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்புக்கு முழங்காற்படியிட்டு ஒரு மணி நேரம் ஜெபிக்கத் தெம்பு இருக்காது. இன்னதென்று வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது, ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பெருமூச்சும் ஜெபக் கணக்கில் சேரும் என்பது இதன் பொருள்.

சொற்கள் வேண்டுமென்றால் இரவல் வாங்கலாம். 23-ஆம் சங்கீதத்தைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள் அதையே சொல்லலாம். நான்காம் வசனத்துக்கு வரும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அதுவரை "அவர்" என்று கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பாடல், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர்" என்று அவரையே நோக்கிப் பேசத் தொடங்குகிறது. மனம் இன்னும் இருண்டிருந்தால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது கடைசி வரி வரை வெளிச்சமே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்திலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்கும் முடியவில்லை என்றால், "எனக்கு முடியவில்லை, நீங்கள் எனக்காகச் சொல்லுங்கள்" என்று இன்னொருவரிடம் கேளுங்கள். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை, இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து இறக்கியவர்கள் நான்கு பேர். மாற்கு 2:5-இல் இயேசு கண்டதாகச் சொல்லப்படுவது "அவர்கள்" விசுவாசத்தை.

ஆண்டவர்மீது கோபம் வருகிறது. அது பாவமா?

சிலுவையில் இயேசு உரக்கச் சொன்னது, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கோபித்துக்கொள்கிறவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். மேலே சொன்ன யோபுவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்தால் குணமாகும் என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? ஒரு கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

நிறுத்தக்கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இன்சுலினையும், வலிப்பு மாத்திரையையும், இரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது. நல்ல சமாரியன் கதையில், அடிபட்டவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கப்படுகின்றன, கட்டுப் போடப்படுகிறது, சத்திரக்காரனிடம் இரண்டு பணமும் கொடுக்கப்படுகிறது. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றே கொலோசெயர் நிருபம் அழைக்கிறது.

வேறெந்த ஊரில் இந்தச் சந்தேகம் எழுந்தாலும் வேலூரில் எழக்கூடாது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்திருந்தும் இந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவில், பிரசவ வேதனையில் இருந்த மனைவிகளுக்காக மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை உள்ளே விட அவர்களின் வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மறுநாள் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்த இரவின் ஜெபத்துக்கு அவர் கண்ட பதில், அமெரிக்கா போய் மருத்துவம் படிப்பது. 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்தது. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி என்றால் இந்த ஊரே இப்படி வளர்ந்திருக்காது.

எத்தனையோ பேர் ஜெபித்தும் குணமாகவில்லை. எனக்கு விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். உண்மையா?

இப்படிச் சொல்கிறவர்கள் நோயாளியின் தலையில் இரண்டாவது நோயொன்றை ஏற்றிவிட்டுப் போகிறார்கள். பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் என்று தாம் அழைத்த உபாதை நீங்க மூன்றுமுறை வேண்டினார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:9). சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனேயில் இயேசு துன்பத்தின் பாத்திரம் நீங்கும்படி வேண்டினார், அதுவும் நீங்கவில்லை. இவ்விருவருக்கும் விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிகிறவர் யார்? குணமடைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காக நன்றி சொல்லியிருக்கிறேன். குணமடையாதவர்களையும் அதே அளவு ஜெபத்தோடு கண்டிருக்கிறேன். இந்த வேறுபாட்டை அளக்கும் தராசு எவரிடமும் இல்லை.

இங்கே மேரி வர்கீஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலூரில் இளம் மருத்துவராக இருந்த அவர் 1954-இல் சாலை விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கால்கள் திரும்பவில்லை. ஆனால் வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு நோயாளியும் சாதனையாளராக வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிலரால் காலையில் எழுந்து உட்கார மட்டுமே முடியும், அதுவும் பெரிதுதான். நான் சொல்ல வருவது முதல் கேள்வியில் பிரித்துப் பார்த்த அந்த வேறுபாட்டை: நடப்பேன் என்ற கணிப்பு பொய்த்த பிறகும் அவரிடத்தில் நம்பிக்கை எஞ்சியிருந்தது.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற வாக்குத்தத்த அட்டை வந்தது. அந்த வருடம்தான் எல்லாம் போனது. வசனம் பொய்யா?

வசனம் பொய்யன்று; புத்தாண்டில் ஆளுக்கொன்றாக எடுக்கும் அந்த வசன அட்டையில் இடம் சிறிது. எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம், அவர்கள் திரும்பி வர 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அதாவது, கடிதத்தை வாசித்தவர்களில் பலர் அந்நிய மண்ணிலேயே கண்மூடுவார்கள். அவர்களிடம்தான், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது.

பெட்டியிலிருந்து அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் குறை கூறவில்லை. நானும் ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறேன். ஆனால் அதை அந்த ஆண்டின் பலன் சொல்லும் சீட்டாக வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சும். எடுத்த அட்டையின் வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ, அந்த அதிகாரம் முழுவதையும் அன்றிரவே வாசித்துவிடுவது நல்லது.

ஷூ கம்பெனியில் வேலை போய்விட்டது, குழுக்கடன் இருக்கிறது. காணிக்கையை அதிகமாகக் கொடுத்தால் ஆசீர்வாதம் வரும் என்கிறார்களே?

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்க வேண்டாம். அவனவனுக்கு "இல்லாததின்படியல்ல", உள்ளதின்படியே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. கொடுத்தால் பெருகும் என்று மேடையில் உறுதி கூறுகிறவர், பெருகாவிட்டால் உங்கள் தவணையைக் கட்ட வரமாட்டார்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் கடன்காரன் பிள்ளைகளைக் கொண்டுபோக வந்து நிற்க, ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறாள். அவளிடம் அவர் காணிக்கை கேட்கவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அயல்வீட்டுக்காரரிடத்தில் பாத்திரங்கள் இரவல் வாங்கச் சொல்கிறார். எண்ணெய் பெருகிய பிறகும், அதை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு பிழைத்துக்கொள் என்கிறார். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வேலை இழந்தவர்களிடம் நான் இதையே படிப்படியாகச் சொல்வதுண்டு: கையில் என்ன தொழில் இருக்கிறது, அக்கம்பக்கத்தார் எதை இரவல் தர முடியும், எந்தக் கடனுக்கு வட்டி அதிகம். கடனைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே இரவில் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சாகலாம் போலிருக்கிறது. கிறிஸ்தவனுக்கு இப்படி எண்ணம் வரலாமா? மனநல மருத்துவரிடம் போனால் விசுவாசம் இல்லை என்றாகிவிடாதா?

எலியா தீர்க்கதரிசிக்கே வந்தது. சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வசனமும் சொல்லவில்லை. தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமும் உணவும் தந்த பிறகே கடவுள் அவரோடு பேசினார், அதுவும் அமர்ந்த மெல்லிய சத்தத்தில்.

மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரை நோய்க்குச் சொன்ன பதிலே இதற்கும் பொருந்தும். இந்த எண்ணம் இப்போது உங்களுக்கு இருந்தால், அருகில் இருக்கும் ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். வேலூருக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பாகாயத்தில் மனநல மருத்துவ மையம் இருக்கிறது. அங்கே போய்வந்ததைச் சபையில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொன்னால் இன்னொருவருக்குத் துணிவு வரக்கூடும்.

நான் இந்து. மருத்துவமனைச் சிற்றாலயத்தில் போய் உட்காரலாமா? ஜெபிக்கச் சொன்னால் மதம் மாறச் சொல்வீர்களா?

தாராளமாக உட்காரலாம், செருப்பை எங்கே விடுவது என்று மட்டும் அங்கிருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் மத மாற்றத்தைப் பேரமாக வைப்பது நியாயமில்லை என்பது எங்கள் குழுவின் விதி. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான். அவனும் அந்நியனான சமாரியன். வராத ஒன்பது பேரின் சுகம் திரும்பப் பறிக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. நாங்கள் ஜெபிக்கட்டுமா என்று கேட்போம்; வேண்டாம் என்றால் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிடுவோம்.

அவர் ஆண்டவரிடம் போய்விட்டார், அழக்கூடாது என்கிறார்கள். உயிர்த்தெழுதல் உண்டென்றால் அழுவது தவறா?

இறந்த தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கப்படாதிருங்கள் என்று நிறுத்திவிடவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதிருங்கள் என்கிறது. துக்கம் இருக்கும், அதற்கு ஒரு கரை இருக்கும். நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்படித்து, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். அழுதுகொண்டே சுடர் அணையாமல் கையால் மறைத்துப் பிடித்திருப்பார்கள்.

ஒருவரைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும்?

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "எல்லாம் நன்மைக்கே", "என் மாமாவுக்கும் இதே நோய்தான், மூன்று மாதத்தில் போய்விட்டார்" ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவரை நான் கேட்டிருக்கிறேன். நோயாளியைவிடத் துணைக்கு வந்தவரைக் கவனியுங்கள். அவர் குளித்திருக்கமாட்டார், சாப்பிட்டிருக்கமாட்டார். ஃபிளாஸ்கில் கஞ்சி, இரண்டு மணி நேரம் அவருக்குப் பதிலாகக் கட்டிலருகே இருப்பது, இரத்தம் கொடுக்க ஒருவரை அழைத்து வருவது, இந்தி தெரிந்தால் மருந்துச் சீட்டை விளக்குவது ஆகியவை போதும். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான்.

இவ்வளவும் சொல்கிறீர்களே, உங்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. என் தம்பி 38 நாள் படுத்திருந்து இறந்தபோது, மேலே எழுதிய வசனங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அந்த நாள்களில் எனக்கு உதவியது, பிள்ளையின் நோய்க்காக இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன் மாற்கு 9:24-இல் கண்ணீரோடு சொன்ன ஒரு வாக்கியம்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டு பாதியும் ஒன்றையொன்று மறுப்பதைக் கவனியுங்கள், அவனுடைய பிள்ளைக்குச் சுகம் கொடுக்க அது தடையாக இருக்கவில்லை. என் தம்பி பிழைக்கவில்லை. புதன்கிழமைகளில் வார்டுக்குள் நுழையுமுன் மாடிப்படியில் நின்று அந்த வாக்கியத்தை இன்றும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். சில வாரங்களில் முதல் பாதி மட்டுமே உண்மையாக இருக்கிறது, சில வாரங்களில் இரண்டாவது மட்டும்.